நன்றிப் பக்கத்தில் ஐந்து பெயர்கள்

சியோல்
2009 ஜனவரி 8

அன்புள்ள அண்ணி,

இந்தப் பொட்டலத்தில் இருப்பது என் ஆய்வேடு. கருநீல அட்டை, தங்க எழுத்து. கையில் எடுத்தால் கனக்கும். பயப்படாதீர்கள், பாதிக்கு மேல் பின்னிணைப்புதான். முதுநிலை மேலாண்மைப் பட்டம் பிப்ரவரியில் கைக்கு வருகிறது. இரவு வகுப்பில் தூங்கி வழிந்தே தங்கை பட்டம் வாங்கிவிட்டாள் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பட்டம் வந்துவிட்டால் ஏப்ரலில் எங்கள் கம்பெனி மனிதவளப் பிரிவில் துணைத் தலைவர் நாற்காலி எனக்குத்தான்.

வழக்கப்படி எல்லோருக்கும் ஒரு பிரதி கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பேராசிரியர்கள், எங்கள் இயக்குநர், வகுப்புத் தோழர்கள், நீங்கள் வேலை செய்யும் ஓமுக் மீன்வடை ஆலையின் தலைவர் யாங். அவர்தானே ஆலைக்குள் வர அனுமதி கொடுத்தார், அவரை விட்டால் மரியாதையாக இருக்காது. யாரும் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆய்வேடு கைக்கு வந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நன்றியுரையில் தங்கள் பெயர் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். அதனால் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் நிறைய மெனக்கெட்டேன்.

இதை எழுதக் கற்றுக்கொள்வதற்குள் நான் அடித்த கூத்து உங்களுக்குத் தெரியும். ‘தொழிலாளர்கள் ஏன் குறையைச் சொல்லாமல் இருக்கிறார்கள்’ என்பது தலைப்பு. ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட வினாத்தாளை உங்கள் ஆலைக்கு அனுப்பினேன். திரும்பி வந்ததில் எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் மூன்று. மேலாளரைப் பிடிக்குமா, மூன்று. அவரிடம் பேசப் பயமா, அதற்கும் மூன்று. ஆகா, என்ன ஒற்றுமை என்று பூரித்துப்போய்ப் பேராசிரியர் ஹாமிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். “ஹே-ரான், இதுல ஒருத்தரும் பதில் சொல்லல. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க, எல்லாரும் எழுதியிருக்காங்க,” என்றார். உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டால், “ஆமா, நான்தான் மூணு போடுங்கடின்னு சொன்னேன். எண்ணெய் காஞ்சுக்கிட்டிருக்கு, உன் தாளைப் படிச்சிக்கிட்டு நிக்கச் சொல்றியா?” என்றீர்கள்.

அதன்பிறகுதான் ஹாம், “எண்ணை விடு. போய் உக்காந்து காது குடுத்துக் கேளு,” என்றார். குறுக்கே பேசக் கூடாது. தலையாட்டிப் பதிலை நம் பக்கம் இழுக்கக் கூடாது. அழுதால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று கேட்க வேண்டும். பேசினதை ‘ம்’, ‘அய்யோ’ உட்பட அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். உங்கள் புசான் பேச்சை சியோல் பேச்சாகத் திருத்தியதற்கு வகுப்பில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன்.

2007 நவம்பரில் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற சாக்கில் நீங்கள் ஐந்து பேரும் வீட்டில் கூடி, மிளகாய் விழுது ஒட்டிய கையோடு ஒவ்வொருவராகச் சின்ன அறைக்குள் வந்து பேசினீர்களே, அதுதான் இந்த ஆய்வேடு முழுக்க. ஒப்புதல் தாளில் எழுதிக்கொடுத்தபடி உள்ளே ஒரு பெயரும் இல்லை. நீங்கள் ‘அ’. ஓக்-ஜா அக்கா ‘இ’. பெயரெல்லாம் நன்றியுரையில் மட்டும்தான். ஐந்து பேர் பெயரும் முழுசாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்!

வரப்போகும் சந்திரப் புத்தாண்டுக்கு வர முடியாது, அலுவலகத்தில் தணிக்கை. அப்பா படத்துக்கு என் பங்குக்கும் ஒரு வணக்கம் வையுங்கள்.

உங்கள்
ஹே-ரான்


புசான்
2009 ஜனவரி 30

ஹே-ரான்,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். குறுக்கே பேசாமல் இருக்க நீ படித்ததெல்லாம் அடுத்தவர்களுக்குத்தான் போலிருக்கிறது.

புத்தகம் வந்தது. உன் அண்ணன் அதை டிவி பக்கத்தில் நிறுத்திவைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். நன்றியுரையை எனக்குச் சத்தமாகப் படித்தார். ‘என் அண்ணி பியோன் மி-சுக், அவருடன் சேர்ந்து மனம் திறந்து பேசிய குவாக் ஓக்-ஜா, சோ யங்-நிம், பே கும்-சுன், மா ஜோங்-ரே ஆகியோர் இல்லாவிட்டால் இந்த ஆய்வு இல்லை.’ எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆலையில் போய், “நம்ம பேரு புத்தகத்துல வந்திருக்குடி,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புத்தாண்டு விடுமுறை முடிந்து போன முதல் நாளே ஆலைத் தலைவர் யாங் எங்கள் ஐந்து பேரையும் மேலே கூப்பிட்டார். மேஜைமேல் உன் நீலப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. “உக்காருங்கம்மா, டீ குடிங்க. நீங்கல்லாம் இப்ப பெரிய மனுஷங்க,” என்றார். டீ ஊற்றினதும் அவரேதான். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பிப் படித்தார். ‘எண்ணெய் தெறிச்சு முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. ஆம்புலன்ஸ் வந்தா ஆலை விபத்துன்னு பதிவாயிடும்னு கார்ல ஏத்திக்கிட்டுப் போயி, வீட்டுல பொரிக்கும்போது பட்டதுன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னாங்க.’ அச்சு அசல் ஓக்-ஜா பேச்சு. எங்களுக்கே அவள் குரல் கேட்டது.

“இந்த ‘இ’ங்கிறது உங்கள்ல யாரு?” என்று தெரியாதவர்போலக் கேட்டார். பிறகு அவரே, “சொல்ல வேணாம். சட்டைக் கையை மேல ஏத்துங்க போதும்,” என்றார்.

நாங்கள் நான்கு பேர் ஏற்றினோம் ஹே-ரான். நானும் ஏற்றினேன். ஓக்-ஜா ஏற்றவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, “சரி, போய் வேலையைப் பாருங்க,” என்றார். மறுநாளிலிருந்து ஓக்-ஜாவுக்கு உறைகிடங்கில் வேலை. வெந்த தோல் குளிரில் வெடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? சாயங்காலம் கையுறையைக் கழற்றும்போது உள்துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. “நாத்தனா படிக்கிறதுக்கு எங்க வாயைப் புடுங்கிக் குடுத்துட்டு, நீ மட்டும் நல்லா இருக்கியா?” என்று கும்-சுன் எல்லோர் முன்னாலும் கேட்டாள். பேர் வராதுடி, என் வீட்டுப் பொண்ணு, நான் பொறுப்பு என்று சொல்லி அவர்களை அழைத்து வந்தவள் நான்.

பெயர்களை வரிசையாகக் கடைசிப் பக்கத்தில் அடுக்கிவிட்டு, உள்ளே அ, ஆ, இ என்று எழுதுவதற்குத்தான் இவ்வளவு காலம் படித்தாயா? அச்சுக்குப் போகும் முன் புசானுக்கு வந்து ஒவ்வொருவர் பேசினதையும் அவரவருக்குப் படித்துக் காட்டுவேன், அதுதான் முறை, பேராசிரியர் சொல்லியிருக்கிறார் என்றாய். நாங்கள் காத்திருந்தோம். ஏன் வரவில்லை?

மி-சுக்


சியோல்
2009 பிப்ரவரி 9

அண்ணி,

போன் செய்து செய்து அலுத்துவிட்டது. அண்ணன் எடுத்து, “அவ பேசமாட்டேங்கிறா,” என்று வைத்துவிடுகிறார். சரி, எழுதுகிறேன்.

ஓக்-ஜா அக்காவுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அதைச் செய்தது யாங். நீங்களோ, கையில் விளக்குமாற்றோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறீர்கள்.

நன்றியுரை போடாமல் ஆய்வேடு போட்ட ஒருவரைக் காட்டுங்கள். என் வகுப்பில் ஒருவன் வளர்க்கும் நாய்க்கு நன்றி சொல்லியிருக்கிறான். உங்கள் ஐந்து பேர் பெயரையும் விட்டிருந்தால், “வேலை முடிஞ்சதும் நம்மள மறந்துட்டா,” என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நீங்கள்தான். வகுப்பில் உள்ளே வரும் ஒவ்வொரு வரிக்கும் விதி சொல்லிக்கொடுத்தார்கள். மேற்கோளுக்கு எத்தனை எழுத்து உள்ளே தள்ளி எழுதுவது என்பது வரை. நன்றியுரைக்கு ஒருவரும் விதி சொல்லவில்லை. ஹாம் அந்தப் பக்கத்தில் தன் பெயருக்கு முன்னால் என்ன அடைமொழி போட்டிருக்கிறேன் என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவருக்குத் தோன்றாதது எனக்கு எப்படித் தோன்றும்? பெயர் வந்திருக்கிறது என்று ஆலை முழுக்கச் சொல்லித் திரிந்த உங்களுக்கும்தான் தோன்றவில்லை.

படித்துக் காட்ட ஏன் வரவில்லை என்கிறீர்கள். பகலில் அலுவலகம், மாலையில் வகுப்பு, ஞாயிறெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தட்டச்சு. பேச்சைச் சீட்டுச் சீட்டாக வெட்டித் தரையில் பரப்பி, பயம் ஒரு பக்கம், விசுவாசம் ஒரு பக்கம், அலுப்பு ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கியதில் என் முதுகே போய்விட்டது. சமர்ப்பிக்கும் நாள் வந்துவிட்டது. வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும். அந்தக் காரை ஓட்டினது யார்? “நான்தான் ஓட்டினேன். வீட்டுல பட்டதுன்னு டாக்டர்கிட்ட சொன்னதும் நான்தான். யாங் சொல்லச் சொன்னாரு, சொன்னேன்,” என்று அந்தச் சின்ன அறையில் என்னிடம் சொன்னது யார்? அந்தப் பேச்சு ஆய்வேட்டில் எங்கும் இல்லை, தேடிப் பாருங்கள். நான் எடுத்துவிட்டேன். கிடைத்த தகவலை மறைக்கக் கூடாது என்பது ஆய்வு முறையில் முதல் பாடம். வெளியே தெரிந்தால் என் பட்டம் போய்விடும். அப்படியும் எடுத்தேன், உங்களுக்காகவும் அண்ணனுக்காகவும். எனக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டாம். வசவையாவது நிறுத்துங்கள்.

ஹே-ரான்


புசான்
2009 மார்ச் 2

ஹே-ரான்,

என்னைக் காப்பாற்றினாயா? உன்னைக் கேட்டேனா?

அன்றைக்கு நான் அழுதேன், நீ ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத் தொடரலாமா என்று கேட்டாய். தொடரலாம் என்றேன். ஏன் என்று நினைக்கிறாய்? ஓக்-ஜாவின் கையை நனைந்த துண்டில் சுற்றிக் காரில் உட்காரவைத்து, வழியெல்லாம் அவளுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தது அதுவரை என் நெஞ்சில் கிடந்தது. உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. எங்காவது ஓரிடத்தில் எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் உன்னிடம் சொன்னேன். நீ அதைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, எனக்கு உபகாரம் செய்ததாகச் சொல்கிறாய். உன் புத்தகத்தில் ஓக்-ஜா ஒற்றை ஆளாக நின்று புலம்புகிறாள். கார் ஓட்டினவள் பேச்சும் பக்கத்தில் இருந்திருந்தால், இவள் பொய் சொல்கிறாள் என்று யாங் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது.

நான் செய்ததையும் கேட்டுக்கொள். போன மாதம் யாங் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். காயம் வீட்டில் பட்டது என்று ஓக்-ஜாவே என்னிடம் சொன்னதாக ஒரு தாளில் அடித்து வைத்திருந்தார். “மி-சுக் அம்மா, இந்த வருஷம் உங்களை நிரந்தரம் பண்ணலாம்னு இருக்கோம். உங்க வீட்டுக்காரருக்கு முதுகு இன்னும் சரியாகலையாமே?” என்றார். கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே ஆலைக்கு அவப்பெயர் உண்டாக்கினாள் என்று ஓக்-ஜாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்ததும் அறைவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, “பசிக்குது, என்ன இருக்கு?” என்றாள். சோறும் கடற்பாசி சூப்பும் வைத்தேன். முழுதும் சாப்பிட்டாள். கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, “இப்ப சொல்லு. ஏன் கையெழுத்துப் போட்ட?” என்றாள். நான் என்னத்தைச் சொல்ல? சொன்னேன், உள்ளதை. “அப்ப இனிமே என்கூட வா,” என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

இப்போது தொழில் விபத்து இழப்பீட்டு அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். கையில் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரல்கள் மடங்கியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு உதவுகிற தொழிலாளர் சட்ட ஆலோசகர் இளம்பெண்தான், விவரமானவள். என்னைப் பார்த்து, “நீங்க இப்ப மாத்திச் சொன்னா எடுபடாது. யாங்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டீங்க. ஆனா இந்தச் சண்டையெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் வெளியாள் ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லியிருந்தா, அந்த ஆள் எழுதிக் குடுக்கட்டும், அது நிக்கும்,” என்றாள்.

அந்த ஆள் நீ. ஒரே பக்கம் எழுதிக் கொடு. ‘இ’ என்பது குவாக் ஓக்-ஜா, ‘அ’ என்பது பியோன் மி-சுக், அந்த நவம்பரில் இரண்டு பேரும் இப்படிச் சொன்னார்கள் என்று. ஒலிப்பதிவு இருந்தால் அதையும் அனுப்பு. என் வேலை போகும், போகட்டும். உன் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் விட்டுவிடுகிறேன். இதைச் செய்.

மி-சுக்


சியோல்
2009 மார்ச் 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

ஆய்வில் பங்கேற்றவர்களின் அடையாளத்தை எந்த நபரிடமும் எந்த அலுவலகத்திடமும் வெளியிடுவதில்லை என்று ஐவருக்கும் நான் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த உறுதியை மீற இயலாது. பட்டம் பெற்றதும் ஒலிப்பதிவுகளை அழித்துவிடுவதாகவும் அதே தாளில் உறுதி கூறியிருந்தேன். பட்டமளிப்பு அன்று மாலையே அழித்துவிட்டேன்.

பேராசிரியர் ஹாமிடம் ஆலோசனை கேட்டேன். நான் சில பக்கங்களை எடுத்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, “எழுதிக் குடுத்தா வெட்டினதையும் சேர்த்து எழுதிக் குடுக்கணும். அப்புறம் பட்டத்தைத் திருப்பி வாங்கிடுவாங்க, என்னையும் கேள்வி கேப்பாங்க. நீ எதுவும் எழுதாத. நீ என்கிட்ட எதுவும் சொல்லவும் இல்ல,” என்றார்.

பதவி உயர்வு ஆணை ஏப்ரல் முதல் வாரம் வருகிறது. எங்கள் பிரிவில் இதற்கு முன் ஒரு பெண்ணும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. நான் எவ்வளவு காலம் இதற்காக ஓடினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஓக்-ஜா அக்கா குணமடைய வேண்டிக்கொள்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. அதைத் தவிர மேலே எழுதியதெல்லாம் ஹாம் சொல்லிக்கொடுத்தது.

ஹே-ரான்


புசான்
2009 ஏப்ரல் 3

உன் கடிதத்தை ஓக்-ஜாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதை அவளுக்கு யாராவது படித்துக் காட்டத்தானே வேண்டும்.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். “நான்தான் அந்த ‘இ’ன்னு ஆலைக்கே தெரியும். ஐஸ் கொண்டாந்து போடுறானே அந்த வண்டிக்காரன், அவனுக்குக்கூடத் தெரியும். இந்த ஒரு ஆபீசுக்கு மட்டும் தெரியக் கூடாதா? நானே என் பேரைச் சொல்லுன்னு கேக்கிறேன், அப்புறம் அவ யாரைக் காப்பாத்துறா?” என்றாள்.

அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் அவளுக்கே எழுது. இந்த மாதக் கடைசியில் விசாரணை. நான் போகிறேன்.

மி-சுக்


சியோல்
2009 ஜூன் 22

அண்ணி,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். உங்களுக்கு எழுத எனக்கு முகம் இல்லை. வேறு வழியும் இல்லை.

நீங்கள் விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னதையும், உங்கள் வேலை போனதையும் அண்ணன் சொன்னார். மே மாதம் ஆலையோடு ஓக்-ஜா அக்கா சமரசம் செய்துகொண்டார் என்றும் சொன்னார். நல்லதாயிற்று என்று நினைத்தேன். நிம்மதியாக மூச்சு விட்டேன் என்றே சொல்கிறேன், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. யாங் புகார் கொடுத்திருக்கிறார். ஓக்-ஜா அக்கா கையெழுத்திட்ட தாளின் நகலையும் இணைத்திருக்கிறார். காயம் வீட்டில்தான் பட்டது, எந்த ஆய்வாளரிடமும் தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அதில் இருக்கிறது. அதனால் நான் நேர்காணலை இட்டுக்கட்டி எழுதினேனாம். நானாக உட்கார்ந்து கற்பனை செய்தேனாம்!

பல்கலைக்கழக விசாரணைக் குழுவின் முன்னால் தட்டச்சுப் படிகளை வைத்தேன். “இதை நீங்களே அடிச்சிருக்கலாமே,” என்றார்கள். ஒப்புதல் தாள்களை வைத்தேன். “கையெழுத்து இருக்கு, சரி. பேசினது இதுதான்னு யார் சொல்றது? பேசினவங்ககிட்ட திருப்பிக் காட்டினீங்களா? அதுல கையெழுத்து இருக்கா?” என்று கேட்டார்கள். ஒலிப்பதிவு எங்கே என்றார்கள். விதிப்படி அழித்தேன் என்றேன். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஹாம் அந்த அறையில்தான் இருந்தார். மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யங்-நிம் அக்கா, கும்-சுன் அக்கா, ஜோங்-ரே அக்கா மூவரும் ஆலையில் இருக்கிறார்கள். எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். இனி யாங் உங்களை என்ன செய்ய முடியும்? குழுவிலிருந்து உங்களுக்குப் போன் வரும். நேர்காணல் நடந்தது, ஓக்-ஜா பேசியது இதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வெட்டின பக்கங்களைப் பற்றியும் குழுவிடம் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லி என்னைப் பொய்க்காரி ஆக்கினால் என்னால் தாங்க முடியாது. அலுவலகத்தில் பதவி ஆணையை நிறுத்திவைத்துவிட்டார்கள். லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது.

நீங்கள் மார்ச்சில் கேட்டதை இப்போது எழுதிக் கொடுக்கிறேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணி, உங்கள் காலில் விழுகிறேன்.

ஹே-ரான்


புசான்
2009 ஜூலை 4

ஹே-ரான்,

கிழிக்கவில்லை. உட்கார்ந்து படித்தேன். நீ எழுதிய கடிதங்களில் இது ஒன்றுதான் நீ எழுதினது மாதிரி இருந்தது.

விசாரணையில் நடந்ததைச் சொல்கிறேன். கார் ஓட்டினது நான், பொய் சொன்னது நான் என்றேன். அதிகாரி நான் யாங்கிடம் போட்ட கையெழுத்தை எடுத்து மேஜையில் வைத்து, “அம்மா, இது பொய்யா, நீங்க இப்ப சொல்றது பொய்யா?” என்றார். “அதுதான் பொய்,” என்றேன். “இதை அப்பவே யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்றார். சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன் என்றேன். “அவங்க வருவாங்களா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். ஆலோசகப் பெண் வெளியே வந்ததும், “இது நிக்காது, தள்ளிடுவாங்க,” என்றாள். தள்ளத்தான் செய்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆலை ஆள் வந்தான். சிகிச்சைக்குக் கொடுக்கிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றான். ஓக்-ஜா என்னைப் பார்த்தாள். ‘போடாதடி’ என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் மடங்கிப்போன வலது கையால் போட முடியாமல் இடது கையால் போட்டாள். கையெழுத்துக் கோணலாக இருக்கிறது என்று அந்த ஆள் இன்னொரு தடவை போடச் சொன்னான்.

தாளில் சொன்னதற்கு மாறாக அவளோ அவள் சார்பில் வேறு யாருமோ பேசினால் கொடுத்ததையெல்லாம் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காக விசாரணையில் பேசினவள். என் வாயிலிருந்து வருவதை அவள் பேசினதாகத்தான் யாங் எடுத்துக்கொள்வார். அறுவை சிகிச்சை போன வாரம் முடிந்தது. தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் ஒட்டியிருக்கிறார்கள். திருப்பித் தா என்று அவர் வந்து நின்றால் எதைத் தருவாள், அந்தத் தோலையா?

நீ எழுதிக் கொடுக்கிறேன் என்கிறாய். இனி எங்கேயும் அனுப்பாதே. இப்போது நீ எழுதும் உண்மையும் அவளைத்தான் போய் அடிக்கும்.

உனக்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாய். கணக்கு வரவில்லை என்று சாப்பாட்டு மேஜையில் அழுவாய், நான் மீன் முள் எடுத்து ஊட்டுவேன். உன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. “என் தங்கச்சியை நடுத்தெருவுல நிறுத்திட்டியே,” என்று மட்டும் சொன்னார். நிறுத்தினேன். ஓக்-ஜாவைக் காரில் ஏற்றின அன்றைக்கு ஆலை பக்கம் நின்றேன். சட்டைக் கையை ஏற்றின அன்றைக்கு யாங் பக்கம் நின்றேன். விசாரணையில் ஒரு தடவை அவள் பக்கம் நின்றேன், அது பலிக்கவில்லை. இன்னொரு தடவை வாய்ப்பு வந்தது, அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முந்தின நாளே குழுவிலிருந்து போன் வந்துவிட்டது. ஒரு பெண், சியோல் பேச்சு, மரியாதையாகப் பேசினாள். 2007 நவம்பரில் உங்கள் வீட்டில் நேர்காணல் நடந்ததா என்று கேட்டாள். “அன்னிக்குக் கிம்ச்சி போட்டோம்,” என்றேன். வேறு எதுவும் நடந்ததா என்றாள். “வேற எதுவும் இல்லம்மா,” என்றேன். குவாக் ஓக்-ஜா ஏதாவது பேசினாரா என்றாள். “அவ பேசவே மாட்டா,” என்றேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

வைக்கப் போனவள், “யூன் ஹே-ரான் உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டாள்.

“என் வீட்டுக்காரரோட தங்கச்சி,” என்றேன். “நல்லாப் படிப்பா.”

மி-சுக்